மூன்றாவது கூடைக்காரி

தியேட்டரில் படம் ஓட்டுகிறவனுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்காது. ஜனங்களைத்தான் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் ஓடைப்பட்டித் தியேட்டரில் எனக்கு ஆபரேட்டர் வேலை. காலைக் காட்சிக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காதல் காமெடி. பெண்ணின் அப்பாவை ஏமாற்றச் செவிடனாக நடித்துத் தோட்ட வேலைக்குச் சேருகிறான் கதாநாயகன். அதில் ஒரு பாட்டை எங்கள் ஊர்த் திராட்சைத் தோட்டத்தில் எடுத்திருந்தார்கள். டைரக்டர் மெட்ராஸிலிருந்து துணை நடிகர்களைக் கூட்டிவராமல், பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களையே நிற்கவைத்து எடுத்துவிட்டாராம். அவருடைய சிக்கனத்துக்கு மாட்டிக்கொண்டவன் நான்.

நிறுத்துலே!

முதல் நாள் பாட்டு வந்ததும் ஒருவர் எழுந்து, “ஏலே, நிறுத்துலே! எங்க அப்பாரு!” என்று கத்தினார். கம்ப்யூட்டரில் ஓடுகிற படம்தானே, நிறுத்தினேன். கதாநாயகியின் காதுக்குப் பின்னால் பாதித் தலைப்பாகை தெரிந்தது. குடும்பமே எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தது.

அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்கும் ஒரு சித்தப்பா கிடைத்தார். மூன்று நிமிஷப் பாட்டு முடிய அரை மணி நேரமாயிற்று. முதலாளி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். “ஏண்டா, இது சினிமாவா, கை காட்டுன எடத்துல எல்லாம் நிக்கிற டவுன் பஸ்ஸா?”

ஒரு தோள், இரண்டு வீடு

முகத்தைத் திராட்சை இலை மறைத்திருக்க, துண்டு போட்ட ஒரு தோள் மட்டும் ஒரு இடத்தில் தெரியும். ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் அந்தத் தோளுக்குச் சண்டை போட்டன. யார் குரலிலாவது பேசிக் காட்டுவது என் பழக்கம். மைக்கைப் பிடித்து, டைரக்டர் குரலில், “கட்! அது என் தோளு!” என்றேன். அவர் குரலை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு அம்மா மட்டும் அசரவில்லை. “டைரக்டரா இருந்தா என்ன, எங்க மாமன் தோளு எங்களுக்குத் தெரியாதா?”

நாலாவது நாள்

எங்கள் ஊர்ச் சுருளி ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு போட்டோ கிடையாது. அந்தப் பாட்டில் கூடை சுமந்து போகும் ஐந்து பெண்களில் அவளும் ஒருத்தி என்று மட்டும் தெரியும். எவள் என்று காட்ட ஆளில்லை. மூன்று நாள் வந்தார், நிறுத்தச் சொன்னார், ஐந்து முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலாவது நாள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கேபின் ஓட்டை வழியாக, கேன்டீனில் முறுக்கு விற்கும் பேச்சியக்காவின் கட்டைக் குரலில், “யோவ் சுருளி! மூணாவது கூடைக்காரிதான்யா உங்க ஆத்தா!” என்று கத்திவிட்டுக் குனிந்து சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் திரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது கூடைக்காரி, பார்க்கக் கூடாத கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, கொஞ்ச நேரம் அப்பிடியே நிக்கட்டும்யா” என்றார்.

சட்டம் போட்ட படம்

கடைசிக் காட்சியன்று ஒரு பையோடு வந்தார். செல்போனில் பிடித்த அந்த முகத்தைத் தேனியில் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கியிருந்தார். மறுநாள் வீட்டில் மாட்டி, மாலை போட்டுக் கும்பிடப் போகிறாராம். யாரைப் பெற்றவளோ, இவர் வீட்டுச் சுவரில்! அன்றைக்குக் கத்தியது நான்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நம்பமாட்டாரோ என்று பேச்சியக்கா குரலில் ஒருமுறை பேசியும் காட்டினேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் படத்தின் கண்ணாடியில் இருந்த தூசியைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்: “பேச்சி என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. அவ எங்க ஆத்தாளை எங்கன பாத்திருப்பா? அன்னைக்கே தெரியும்யா. ஆனா அஞ்சு பேரையும் ஆத்தா ஆத்தான்னு எத்தனை நாளைக்குப் பாக்குறது? இவ நல்லாத்தான சிரிக்கிறா, இருந்துட்டுப் போகட்டும்.”

இப்போதும் எல்லோர் குரலிலும் பேசத்தான் செய்கிறேன். முதலில் அவர்களுடைய வயதை விசாரித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.