வருஷத்துக்கு நாலு நாள் அறுக்கிற ரம்பம்

1. கிழிந்த வேட்டி

ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பெரம்பலூரில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு ஸ்ப்ரேயர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செட்டிகுளம் தங்கராசு நொண்டிக்கொண்டே வந்தார். கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த வேட்டியை எடுத்து என் முன்னால் உதறி விரித்தார். முழங்காலுக்குக் கீழே நாய் குதறியதுபோல் கிழிந்திருந்தது. ஓரமெல்லாம் கறுப்பு ஆயில்.

“நல்லா பாத்துக்க மெக்கானிக்கு. இது வேட்டி. ஒரு சாண் தள்ளியிருந்தா என் காலு.”

“என்னங்க ஆச்சு?”

“என்னயக் கேக்கிறியா? ரம்பத்துல கடைசியா கை வச்சது நீ. கருவ மரத்துல வச்சு அழுத்துனேன், பொக வந்துச்சு. சரி, பச்ச மரம்னு இன்னும் அழுத்துனேன். செயினு கழண்டு பாம்பு மாதிரி காலுக்கு வந்துடுச்சு. பின்னால குதிச்சதுல கணுக்காலு சுளுக்கிக்கிச்சு. ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? வாடகைக்கு ரம்பம் ஓட்டுறவன்ட்ட சொந்த ரம்பத்த ரிப்பேருக்குக் குடுத்தது, பூனையப் பாலுக்குக் காவல் வச்ச கதைங்கிறாங்க.”

எனக்குக் காது சுட்டது. அந்தக் காலத்தில் என் தொழில் இரண்டு. ஒன்று, ஸ்ப்ரேயர், பம்ப்செட் மாதிரிச் சின்ன இன்ஜின் ரிப்பேர். இன்னொன்று, என்னிடம் இருந்த ஒரு நல்ல கம்பெனி செயின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கூப்பிட்ட ஊருக்குப் போய் மரம் அறுப்பது. ரிப்பேருக்கு வருகிற இன்ஜின்களில் பாதி செட்டிகுளம் பக்கத்து வெங்காயக்காரர்களுடையது. ‘இவன் மிஷினில் கை வைத்துக் கெடுத்துவிடுவான்’ என்று அந்த ஊர் ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால், அப்புறம் நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

“நீ வா,” என்றார் தங்கராசு. “எங்கூட்டு வாசல்ல, நாலு பேரு பாக்க, நீயே கழட்டிக் காட்டு. உன் மேல தப்பில்லன்னா ஊரே சொல்லட்டும்.”

“நாளைக்குக் காலம்பற வரேன். அதுவரைக்கும் அத யாரும் தொடாதீங்க.”

“நீயும்தான்,” என்று சொல்லிவிட்டு, வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். சாட்சிப் பொருள் ஆயிற்றே.

2. மோர்க்காரனிடம் மாட்டு யோசனை

இந்தச் சந்தேகம் ஒருநாளில் முளைத்ததல்ல. திருச்சி ரோட்டை நாலு வழியாக்க ஓரத்துப் புளியமரங்களை எல்லாம் அறுத்தார்கள் அல்லவா, அப்போது பிடித்தது எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செயின் ரம்பப் பைத்தியம். கோடாலியால் நாள் முழுக்கப் போராடுகிற மரம், டீ ஆறுவதற்குள் சாய்ந்தது. பஸ்ஸை விட்டுவிட்டுக்கூட நின்று பார்த்தார்கள்.

அதே சமயத்தில் சைனா ரம்பமும் வந்தது. லெப்பைக்குடிக்காட்டு ஹமீது பாய் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்து, பெரம்பலூரில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். டார்ச், மிக்ஸி, போர்வையோடு போர்வையாக ஆரஞ்சு நிறத்தில் ரம்பமும் தொங்கும். கம்பெனி ரம்பத்தின் விலையில் கால்வாசி.

தங்கராசுக்கு வரப்புக் கருவையை அழிக்கவும், வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறைக்குக் கால் வெட்டவும் வருஷத்தில் மூன்று நாலு நாள் ரம்பம் தேவைப்படும். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். நானும் ‘இதோ வரேன்’ என்று சொல்லி, மழை வந்தபிறகு போய் நிற்பேன். சலித்துப்போய்த்தான், “இந்தச் சைனா ரம்பத்த வாங்கிப்புடலாமா?” என்று என்னிடமே வந்து கேட்டார்.

“வேணாங்க. மலிஞ்ச சரக்கு. நிக்காது,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மோர் விக்கிறவன்ட்ட போயி, மாடு வாங்கட்டுமான்னு கேட்டா, ஆமாம் வாங்குன்னா சொல்லுவான்?”

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் உயிர். கோபப்படுவதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டேன். அது தப்பாகிவிட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டோம், இவன் மழுப்புகிறான் என்று அவர் முடிவு செய்துகொண்டு, நேராக பாய் கடைக்குப் போய் வாங்கிவிட்டார்.

நான் விடவில்லை. மறுநாள் பாய் கடைக்குப் போனேன். “என்ன பாய், இத எதச் சொல்லி விக்கிறீங்க?”

பாய் பொறுமையான மனிதர். “வருஷத்துல நாலு நாளு அறுக்கிறவங்களுக்கு இது போதும் தம்பி. டெய்லி அறுக்கிற ஆளு கேட்டா, வேணாம்னு நானே சொல்லிடுவேன். உங்களுக்கு விப்பேனா?”

“கியாரண்டி?”

“கடைப்படி வரைக்கும். அதுக்கப்புறம் நீங்க இருக்கீங்கள்ல.”

இந்த மனுஷன் விற்கிறவன் பேச்சுப் பேசுகிறான் என்று எனக்குச் சந்தேகம். நான் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று தங்கராசுக்குச் சந்தேகம். ரம்பத்தின் மேல் எல்லோருக்கும் சந்தேகம். அது மட்டும் முதல் வருஷம் ஒழுங்காக அறுத்தது.

இரண்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னிடம் வந்தது. போன மழைக்கு ஊற்றின பெட்ரோல் டேங்கிலேயே கிடந்து, கார்புரேட்டரில் பிசின் மாதிரிப் படிந்திருந்தது. கழுவிப் பூட்டினேன். இரண்டே இழுப்பில் ஓடியது. எடுத்துக் கொடுக்கும்போது சும்மா இருந்திருக்கலாம். “சொன்னேன்ல, இது நிக்காதுங்க,” என்றேன்.

‘நிக்காதுன்னு சொன்னான், நிறுத்திக் காட்டிட்டான்’ என்று ஊர் பேச அந்த ஒரு வாய்ச்சொல் போதாதா?

3. வாசலில் கழற்றியது

தங்கராசு வேட்டியோடு வந்துபோன மறுநாள் ஸ்பேனர் பையோடு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். தங்கராசு வீட்டு வாசலில் சாக்கு விரித்து, ரம்பத்தை நடுவில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். தங்கராசுவின் பெரியப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா டாக்டரு. பொணத்த அறுத்துப் பாரு. விஷம் வச்சது யாருன்னு தெரிஞ்சிடும்,” என்றார்.

கவரைக் கழற்றினேன். செயின் ஓடுகிற நீள இரும்புத் தகட்டுக்கு நாங்கள் பார் என்போம். அந்த பார் நீலம் பாரித்துக் கிடந்தது. ஆயில் இல்லாமல் காய்ந்து ஓடினால்தான் அப்படி ஆகும். செயினுக்கு ஆயில் அனுப்ப உள்ளே ஒரு சின்ன பம்ப் உண்டு. மலிவு ரம்பங்களில் அது பிளாஸ்டிக்.

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எழுந்து நின்றே சொன்னேன்: “ஆயில் பம்ப் போச்சுங்க. பிளாஸ்டிக். இதுக்குத்தான் அன்னிக்கே தலையால அடிச்சிக்கிட்டேன்.”

“நிரூபி,” என்றார் பெரியப்பா.

பாரைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். பம்ப் போயிருந்தால் ஆயில் வராது. நான் சொல்லி வாய் மூடவில்லை, துளித் துளியாக ஆயில் கசிந்து சாக்கில் விழுந்தது. பம்ப் நன்றாக வேலை செய்கிறது.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மிஷினு நல்லாத்தான்யா இருக்கு. அப்ப கெடுத்தது யாரு?”

தங்கராசு என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை அவருக்கு என் மேல் பாதிச் சந்தேகம்தான். அப்போது முழுசாகிவிட்டது. இனிமேல் எது சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. பாரைத் துடைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

பம்ப்பிலிருந்து வருகிற ஆயில் பாருக்குள் இறங்க, அதன் அடிப்பக்கம் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். மாட்டின பிறகு கவருக்குள் மறைந்துவிடும். வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அதில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. இரண்டிலும் தெரியவில்லை.

“ஒரு ஊக்கு இருந்தாக் குடுங்க.”

தங்கராசுவின் மனைவி வளர்மதி, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். விட்டுக் குத்தினேன். கல் மாதிரி இறுகியிருந்தது. நெம்பியதும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வில்லை தெறித்து உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தேன். பூஜை வாசனை.

வளர்மதி எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்.

“அய்யோ அண்ணே… அது நான் வச்ச பொட்டுங்க!”

நடந்தது இதுதான். பூஜைக்காகத் தங்கராசு ரம்பத்தைக் கழற்றி, கலப்பை, மண்வெட்டியோடு சேர்த்துக் கழுவிக் காயவைத்திருக்கிறார். பார் தனியே கிடந்திருக்கிறது. அந்த அம்மா எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“ரெண்டு ஓட்டையும் கண்ணு மாதிரி இருந்துச்சுங்க. பொட்டு வைக்கன்னே போட்டு விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு வச்சேன்.”

“ஏண்டி, அறிவிருக்கா…” என்று தங்கராசு ஆரம்பித்தார்.

“யாருக்கு? லேசா வச்சா உதுந்துரும், நல்லா அழுத்தி அப்புன்னு பக்கத்துல நின்னு சொன்னது யாரு? அப்புறம் எடுத்து மாட்டுனது யாரு? கண்ணு இல்ல?”

வாசல் முழுக்கச் சிரிப்பு. பெரியப்பாவுக்கு இருமலே வந்துவிட்டது. “ஏன் மெக்கானிக்கு, நீயும் இல்ல, சைனாக்காரனும் இல்ல, அப்ப சாமிதான் சதி பண்ணிருக்கு!”

தங்கராசு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார்.

“இதுல ஒண்ணும் கலக்கலியே?” என்றேன்.

“குடிய்யா,” என்று சிரித்துவிட்டார். என் பேர் அந்தச் சொம்போடு திரும்பி வந்தது.

4. வாங்கலாமா, வேண்டாமா

இன்றைக்கும் என்னிடம் இளவட்டங்கள் கேட்பது அதே கேள்விதான். விலை மலிவான வெளிநாட்டு ரம்பம், எப்போதாவது அறுக்க வாங்கலாமா?

தினம் அறுக்கிறவன் என்றால் வாங்காதே. வருஷத்துக்கு நாலு நாள் என்றால் வாங்கலாம். பாய் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. தங்கராசு ரம்பத்துக்குப் புது செயின் போட்டு, பாரை அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் பல மழை பார்த்தது. ஆனால் மலிவு ரம்பம் அறுக்கிற நாலு நாளில் கெடுவதில்லை, சும்மா கிடக்கிற மிச்ச நாளில்தான் கெடுகிறது. வேலை முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிடு. எடுக்கும்போது, அறுக்கும் முன்னால், ஒரு காய்ந்த பலகைக்கு நேராகச் சுழலவிட்டுப் பார். பலகையில் ஆயில் கோடு விழுந்தால் மரத்தில் வை. விழவில்லையா, நிறுத்து. செயின் கழன்றால் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார். தங்கராசு ரம்பத்தில் அது பேருக்குத்தான் இருந்தது, அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு அறுக்காதே. அதைவிட முக்கியம், நின்றுபோனால் பிரித்துப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

சந்தேகப்படுவதில் தப்பில்லை. எனக்கு இன்னும் எந்தப் புது மிஷின் மேலும் சந்தேகம்தான். கழற்றிப் பார்க்கிறவரை அதை வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வளர்மதி ரம்பத்தை வெங்காயச் சாக்கில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ரிப்பேரா தங்கச்சி?”

“இல்லண்ணே, நல்லாத்தான் ஓடுது. பொட்டு எங்க வைக்கலாம்னு காட்டுங்க. வைக்காம விட மனசு வரல.”

வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்து, பின்பக்க மூடியில், எந்த ஓட்டைக்கும் சம்பந்தமில்லாத இடத்தில், காலணா அளவுக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்து, அன்றிலிருந்து ரிப்பேருக்கு வருகிற எல்லா மிஷினிலும் போட ஆரம்பித்தேன். செட்டிகுளத்திலிருந்து இன்றைக்கும் ரிப்பேர் முடிந்த ஸ்ப்ரேயரையோ பம்ப்பையோ வாங்கிப்போக வருகிறவர்கள் கியாரண்டி கேட்க மறந்தாலும், “வட்டம் போட்டாச்சா?” என்று கேட்காமல் எடுத்துப் போவதில்லை.