விலாசம் போதாது

காளிமுத்து தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 'இன்ஸஃபிஷன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தது தபாலக மேசையில் கிடந்த ரப்பர் முத்திரைதான். அதற்கு என்ன அர்த்தம் என்று தபால் அதிபர் சுந்தரியிடம் ஒருமுறை கேட்டார்.

"இல்லன்னு அர்த்தமில்ல அண்ணன். இருக்கு, ஆனா காணாது. ஆஸ்பத்திரியில ரத்தம் கொஞ்சமா எடுத்துட்டாலும் இதைத்தான் எழுதுவாங்க. நமக்கு, விலாசம் போதாது."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் வீட்டுக்கு வீடு இலக்கம் கிடையாது. ஆகவே அந்த முத்திரைக்கு வேலை அதிகம்.

மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. 'வேலாயி, தோட்டம், தெல்தெனிய' என்று மட்டும் இருந்தது. அவர் போகும் பாதையில் வேலாயிகள் ஐந்து பேர். ஐவரும் தமக்கில்லை என்றார்கள். முத்திரை குத்தினார். அனுப்பியவர் பெயர் இல்லாததால் கடிதம் சேராத கடிதங்களுக்கான கொழும்பு அலுவலகத்துக்குப் போய்விட்டது. விலாசம் போதவில்லை என்பது கடிதம் எழுதியவருக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் அடுத்த மாதம் அதே கையெழுத்தில் இன்னொன்று வந்தது. இப்போது 'ஆறாம் லயம்' என்று கூடியிருந்தது. ஆறாம் லயம் போன கார்த்திகை மழையில் மண்ணோடு சரிந்துபோனது. அங்கே குடியிருந்த இன்னொரு வேலாயியை மட்டும் எவ்வளவு தோண்டியும் எடுக்க முடியவில்லை. இல்லாத லயத்துக்கு எப்படிக் கொடுப்பது? மறுபடியும் முத்திரைதான்.

மூன்றாவதில் 'பலா மரத்துக்குக் கீழே' என்று இருந்தது. நான்காவதன் விலாசத்தை வாசித்த சுந்தரி, உறையை அவரிடம் நீட்டினார்.

'காளிமுத்து சைக்கிளை நிறுத்தும் வளைவிலிருந்து பன்னிரண்டு எட்டு கீழே.'

"இதுக்கு முத்திரை குத்தவா மிஸ்?"

"இதுல என்ன குறையுது அண்ணன்?" என்றார் சுந்தரி.

அன்று பகல் பதினொரு மணிக்கே மலையில் பனி மூடியிருந்தது. வளைவில் நின்று காளிமுத்து எண்ணிக்கொண்டே இறங்கினார். எட்டாவது எட்டில் கொழுந்து பறிக்கிறவர்களின் பேச்சுச் சத்தம் அற்றுப்போனது. பன்னிரண்டாவதில், புது மழை அரித்த செம்மண்ணிலிருந்து ஒரு சேலைத் தலைப்பு வெளியே தெரிந்தது.

ஓடவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே ஏறி, கிராம சேவகருக்குப் போன் பண்ணினார்.

வேலாயியின் மகன் சந்திரகுமார் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அடக்கத்தன்று காளிமுத்து அவனிடம் கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்து யாருடையது என்று தெரிகிறதா எனக் கேட்டார். தெரியவில்லை என்றான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேரு அம்மாவோடது. நான் எப்படிப் பிரிக்கிறது?"

பிரிக்காமலே குழிக்குள் குனிந்து, பெட்டியின் மேல் வைத்தான்.