மாமனுக்கு ஒரு சிரட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாஞ்சில் நாட்டு மிடில் ஸ்கூல் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு எப்படி வருகிறதென்று காட்ட, ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவரச் சொன்னேன். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கறுத்த புளியங்கொட்டை, வெள்ளையாகத் தேய்த்த கொட்டை ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு சிரட்டைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். கறுப்பு ஒன்று வந்தாலும் பிள்ளைக்குத் தொங்கும் காதுமடல். இரண்டும் வெள்ளையானால் ஒட்டிய மடல்.

பதின்மூன்று பிள்ளைகள். இருபத்தாறு சிரட்டை இருக்க வேண்டும். எண்ணினால் முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன்; அதே கணக்கு.

"மூணாவது யாருக்குலே?" என்றேன்.

"மாமனுக்கு, சாரே."

நான் கருங்கல் பக்கத்துக்காரன். எங்களுக்கு அப்பன் சொத்து பிள்ளைக்கு. பள்ளி இருந்த ஊரில் பல வீடுகளில் தாய்மாமன் சொத்து சகோதரி மகனுக்குப் போவது அப்போதும் நின்றபாடில்லை. வயலைத் தருகிற மாமன் காதைத் தரமாட்டாரா என்பது அவர்கள் நியாயம். மாமனிடமிருந்து எதுவும் வராது என்று சொல்லி, அந்தச் சிரட்டைகளை வாங்கி வைத்தேன்.

கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் தரவில்லை. அவன் மாமனுக்கு முதலில் மங்கல் வெளிச்சத்தில் கண் தெரியாமல் போய், பிறகு பகலிலும் போய்விட்டது. அவருடைய மாமனுக்கும் அப்படியே. ஊரறிந்த விஷயம்.

"ஒண்ணும் வராதா சாரே? நெசமாட்டா?"

"வராதுலே மக்கா."

சிரித்துக்கொண்டே சிரட்டையை நீட்டினான். வயலும் வராது என்று பக்கத்திலிருந்தவன் சீண்டினான். அதை நீயே வைத்துக்கொள் என்றான் இவன்.

அப்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கொட்டை எடுத்துச் சொல்ல, நான் கரும்பலகையில் கோடு போட்டேன். பன்னிரண்டு கோடு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் கை, சிரட்டைக்கு அருகே வெறும் பலகையைத் தடவிக்கொண்டிருந்தது.

"எடுத்தாச்சுன்னா கண்ணைத் தொறலே" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"தொறந்துதான் இருக்கு."

"மக்கா" என்றேன். அவன் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினான்.

"சாரே, எங்கம்மைக்க சிரட்டையில கெடக்கது எங்கயிருந்து வந்தது?"

அவன் அம்மாவுக்கும் மாமனுக்கும் பாட்டியின் ஒரே சிரட்டையிலிருந்துதான் வந்திருக்கும். அவன் கையைப் பிடித்து அம்மாவின் சிரட்டைமேல் வைத்தேன். அவன் எடுக்கவில்லை.