பசை ஒட்டிய விரல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். சேலத்தில் ஓர் அச்சகத்தில் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறேன்.

நாலைந்து பேர் கூடி, பகடை உருட்டி, மந்திரவாதியாகவும் வீரனாகவும் கதை பேசி ஆடும் ஒரு விளையாட்டின் புதுப் புத்தகம் எங்களிடம் வந்தது. அடுத்த மாதம் தானே அறிவிக்கும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று பதிப்பாளரம்மா சொல்லியிருந்தார். அட்டையிலிருந்த யாளியின் அழகில் மயங்கி, படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். யார் எடுத்தது என்று தெரியாமலே அது அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

பதிப்பாளரம்மா நேரில் வந்தார். முதலாளி, மெஷின் ஓட்டும் செல்வத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எந்நேரமும் போனுங்கையுமா இருக்கறவன் நீதானடா? பைய எடுத்துட்டுக் கெளம்பு!"

"நான் இல்லீங்க, சத்தியமா இல்லீங்க."

நான் பசை மேசையில் குனிந்தே நின்றேன். அவன் பையை எடுத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"படத்து ஓரத்துல பசை ஒட்டுன வெரல் தெரியுதுங்களே, அது என்னுதுங்க."

அந்தம்மா என் கையைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, இத முன்னயே சொல்லியிருக்கலாமுங்களே? செரி, படந்தான் வெளிய போயிருச்சே, நாளைக்கே வெளியிட்டர்றேன். ஒட்டி முடிச்சுருவீங்களா?"

அவர் மன்னித்துவிட்டார். செல்வம் பையை எடுக்கும்வரை நான் பேசாமல் நின்றதை நினைத்தால்தான் இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாப் புத்தகங்களும் விற்றுப் போய்விட்டன. மெஷினுக்குத் திரும்பிய செல்வம் மட்டும் என்னிடம் பேசவில்லை.