ஆறாம் சீட்டில் எத்தனை பெண்கள்

லுசெத் பால்தாச்சி முப்பத்தோரு வருடம் பிரான்சில், மர்செய் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பேரீச்சம்பழத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். தினமும் வேலை விட்டு வந்ததும் சமையலறை மேசையில் டாரட் சீட்டு வைத்துக் குறி பார்த்தார். எங்கள் பேட்டையில் அவரிடம் சீட்டு வெட்டாத குடும்பம் குறைவு. ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரே ஒரு சீட்டு. பத்துச் சீட்டைப் பரப்பிவைத்துப் பலன் சொல்பவர்களைக் காய்கறிக் கடைக்காரர்கள் என்பார். காசு வாங்கமாட்டார். மத்தி மீனோ பிஸ்கட்டோ கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஒருவர் கேட்டது இன்னொருவர் காதுக்குப் போகாது. இருமினால் மூன்று மாடிக்குச் செய்தியாகிவிடும் எங்கள் படிக்கட்டுகளில் அது சாதாரண விஷயமல்ல.

ஒரு பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பராமரிப்புக்கு என்னை அனுப்பினார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பத்தாறு, இந்த வேலையில் இருபது வருட அனுபவம். லுசெத்துக்குப் பேச்சு தெளிவாக இருந்தது, குத்தலும் குறையவில்லை. ஆனால் இடப்பக்கம் என்ற ஒன்று இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆகும். இடப்பக்கம் இருப்பதை மனம் எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

தட்டில் வலப் பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கத்துவார்.

"என்ன தெனிஸ், எனக்கு அரை வயித்துக்குத்தான் சாப்பாடா? மீதிய நீ தின்னுட்டியா?"

தட்டைத் திருப்பி வைப்பேன்.

"இந்த மீன் இப்ப எங்கேருந்து வந்துது?"

ஒரு நாள் குளிப்பாட்டும்போது அவருடைய இடக்கையைத் தூக்கி முன்னால் காட்டினேன். "யாரோ கையை விட்டுட்டுப் போயிட்டாங்க, கூப்பிட்டுக் குடு" என்றார். வேடிக்கை செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

ஏப்ரலில் ரொலான் வந்தான். டிராம் பட்டறையில் மெக்கானிக், நாற்பத்தெட்டு வயது. இரண்டாம் மாடியில் தாய் எர்மினோடு இருந்தான். அவனுடைய தோழி கொரின், பக்கத்து ஊரான மர்த்திகில் இருவருக்குமாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவன் சொல்லியாக வேண்டும். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஒரு மாதமாகத் தூங்காத முகம்.

"இப்போ சீட்டெல்லாம் வேண்டாம், உடம்பு தேறட்டும்" என்றேன்.

"உன்னையா கேட்டான்? சீட்டை எடு" என்றார் லுசெத்.

ரொலான் வழக்கப்படி இடக்கையால் வெட்டி மேல் சீட்டைத் திருப்பினான். ஆறாம் சீட்டு, காதலன். நடுவில் ஓர் இளைஞன். அவனுக்கு வலப்பக்கம் தலையில் பூ வைத்த பெண். இடப்பக்கம் வயதில் மூத்தவள், தலையில் இலைக்கிரீடம். மேலே இறக்கை முளைத்த குழந்தை ஒன்று அம்பு விடத் தயாராக இருந்தது. வலம், இடம் என்பதெல்லாம் லுசெத் உட்கார்ந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"இதுல என்னடா யோசனை?" என்றார் லுசெத். "ஒருத்தன், ஒருத்தி. தலையில பூ. மேலேருந்து அம்பு வேற வருது. கிளம்பு."

ரொலான் சீட்டை எட்டிப் பார்த்தான். "அத்தை, இதுல ரெண்டு பொம்பளைங்க இல்ல?"

"எந்த ரெண்டு? நாப்பது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியா..." நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. "ஆமா, ரெண்டு பேர் இருக்கணுமே. தெனிஸ், சீட்டைக் கிழிச்சியா?"

சீட்டைத் தலைகீழாகத் திருப்பினேன்.

"என் வீட்ல சீட்டு தலைகீழா நிக்காதுன்னு எத்தனை தடவை... இவ யாரு? பூ வெச்சவ எங்க போனா? வயசானவதான் இருக்கா. டேய், போகாத. அம்மாகூடவே இரு."

"அத்தை, இப்பதானே கிளம்புன்னீங்க!"

"சீட்டு மாறிடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

"முதல்ல சொன்னதையே வெச்சுக்கலாமா?"

"ஏன், அது இனிக்குதா?"

நான் சீட்டை நேராக வைத்து அதன் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டினேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறை. "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க, மதாம்." திருப்பினார். மூத்தவள் கிடைத்தாள், இளையவள் தொலைந்தாள். திரும்பி வந்தார். இளையவள் கிடைத்தாள், மூத்தவளைக் காணோம். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்க அவரால் முடியவில்லை.

"இந்தக் கை யாருது?" என்று கேட்டார். நானும் குனிந்து பார்த்தேன். பழைய அச்சு. மூன்று பேர் கைகளும் தோளிலும் நெஞ்சிலும் பின்னிக் கிடந்தன. எந்தக் கை எந்த உடம்புடையது என்று எனக்கும் பிடிபடவில்லை. மூத்தவள் இளைஞனை இழுக்கிறாளா, தள்ளுகிறாளா? ரொலான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லுசெத்தின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்தான். அவனுக்கும் பிடிபடவில்லை.

லுசெத் களைத்துப்போய் நிமிர்ந்தார். எதிரே அவன் இருந்த இடம் காலியாக இருந்தது.

"போயிட்டானா?"

"இல்ல மதாம், இதோ..."

"பாவம்டி அவன்" என்றார், நான் முடிப்பதற்குள். "அம்மாவுக்காக உக்காந்திருக்கான். எர்மின் போன வருஷம் இதே மேசையில சீட்டு வெட்டினா. என்ன கேட்டா தெரியுமா? 'இந்தத் தடியன் எப்ப வீட்டைக் காலி பண்ணுவான்'னு கேட்டா."

நான் பலமாக இருமினேன்.

"இருமாத, கேளு. அவன் சட்டையத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோள் போச்சாம். சாயங்காலம் ரேடியோவ சத்தமா வெச்சுக்கிட்டு, சூப் மட்டும் குடிச்சிட்டுப் படுக்கணுமாம். சொன்னா பையன் மனசு உடைஞ்சிடும்னு சொல்லாம இருக்கா."

ரொலானின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மயங்கி விழப்போகிறான் என்று நினைத்து அருகில் போனேன். விழவில்லை. எழுந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான்.

"அம்மாவா... அப்படிக் கேட்டாங்க?"

லுசெத் திடுக்கிட்டார். "நீ எப்படா வந்தே? கதவு சத்தமே கேக்கலியே! சரி, உக்காரு. சீட்டு இன்னும் முடியல."

அவன் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "அப்போ சீட்டு என்னதான் சொல்லுது?"

"எனக்குச் சீட்டு தெரியாது. கீழ போயி உங்க அம்மாவையே கேளுங்க."

போனான். அன்று கீழே சண்டைச் சத்தம் கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. அதுவே எனக்குக் குழப்பமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளோடு மர்த்திகுக்குக் கிளம்பிப் போனான்.

திங்கட்கிழமை காலை எர்மின் பிஸ்கட் டப்பாவோடு மேலே வந்தார். கண் வீங்கியிருந்தது, தலை நன்றாகச் சுருட்டி வாரியிருந்தது. நன்றி சொல்ல வந்தாரா, சண்டைக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"லுசெத், நீ சொன்னியா அவன்கிட்ட?"

லுசெத் நெஞ்சில் கை வைத்தார். "நானா? நாப்பது வருஷத்துல ஒரு வார்த்தை வெளிய விட்டிருக்கேனா? சீட்டுல ஒரே ஒருத்திதான் இருந்தா. போடான்னேன். அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அப்போது ரொலான் அறையிலேயே இல்லை. எர்மின் என் பக்கம் திரும்பினார். நான் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் உதற ஆரம்பித்தேன்.

"ஒருத்தின்னா யாரு?" என்று எர்மின் கேட்பது கேட்டது. "நானா, அவளா?"

லுசெத் பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுக்கும் சத்தம் வந்தது.

"தெரியலடி" என்றார் கடைசியில். "மூஞ்சி சரியா ஞாபகமில்ல."