அப்பா எழுத்துப் படித்த ஒட்டுக்கடை

அன்று காலை ரெம்பியா சாலையோரத்துத் தேத்தண்ணீர் ஒட்டுக்கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில், யாரையோ விட்டுவிட்டோமோ என்று கை நின்றுவிடும். அப்பா இருந்தார். நான் இருந்தேன். அடுப்பருகே கடைக்கார அத்தை. மண் லாரி ஓட்டும் மாமா. மரக்கட்டை லாரி ஓட்டும் பெரியப்பா. பெரியப்பாவோடு லாரியில் உதவிக்குப் போகும் கெலிண்டான், ஒரு மலாய்க்கார அண்ணன். நீளப் பெஞ்சில் படுத்து முழு நேரமும் தூங்கினார், ஆனாலும் இருந்தார். இவர்களில் அத்தையும் மாமாவும் பெரியப்பாவும் எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. லாரிக்காரர் பிள்ளைகளுக்கு ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உறவுதான்.

பள்ளி விடுமுறை. நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குப் பகல் ஷிப்டு. என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்பது அம்மா சொன்ன காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. புறப்படும்போது அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "அப்பாகூடப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு. சிக்னல் வந்தா சிக்னல்னு சொல்லு. மோட்டார் சைக்கிள் வந்தா வருதுன்னு சொல்லு" என்றார். பலகைகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். என் வாசிப்பு வளர்வதற்காக என்று நினைத்து, வழி நெடுக உரக்கப் படித்துக்கொண்டே போனேன்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இது கடையில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் அன்றே தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான். தூங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த மாதக் கடைசியில் அப்பாவின் லாரி லைசன் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கிளினிக்கில் டாக்டர் கண்ணைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் லைசன் இல்லை. லைசன் இல்லையென்றால் செம்பனைக் குலை ஏற்றும் அந்த லாரியை முதலாளியான தவுக்கே வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் அரிசி, மண்ணெண்ணெய், என் பள்ளி பஸ் எல்லாம் அந்த லாரியின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மேலே தகரம், பின்னால் தகரம், பக்கத்தில் ஒரு அங்சானா மரம். புது நெடுஞ்சாலை திறந்ததிலிருந்து தூரத்து லாரிகள் மேலே அதில் போய்விட்டன. டோல் கொடுக்க மனமில்லாதவர்களும் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிறவர்களும்தான் கீழ்ச்சாலைக்கு மிச்சம். பெரியப்பா வந்து உட்கார்ந்தாலே பழைய கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். தம்பினிலிருந்து மூவார் போவதற்குள் இருந்த கடைகளை வரிசையாகச் சொல்வார். ஒன்று நெத்திலிச் சம்பல் கடை. ஒன்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கிற கடை. ஒன்றில் சோறு சுமாராகத்தான் இருக்குமாம், ஆனால் பின்னால் கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருப்பார்களாம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருக்கு வழி தெரியாது. "சம்பல் கடைக்கும் கட்டில் கடைக்கும் நடுவுல" என்றால் நேராகப் போய்விடுவார். ஒவ்வொரு கடையிலும் என்ன மாதிரி கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள் என்று நான் கேட்பேன். அதையும் சொல்வார். எனக்கு அந்தக் கடைகளையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதோடு, அவையெல்லாம் மூடிவிட்டால் அந்தக் கட்டிலில் தூங்கியவர்கள் இப்போது எங்கே தூங்குகிறார்கள் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

அத்தை கடையின் பின்பக்கத் தகரம்தான் டிரைவர்களின் பலகை. டயரில் குறி போட வைத்திருக்கும் மஞ்சள் சாக்குக்கட்டியால் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். யாருக்கு ஸ்பேர் டயர் வேண்டும், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எல்லாம் அங்கே இருக்கும். அன்று அதையெல்லாம் அழித்துவிட்டு மாமா ஏ பி சி எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. உச்சியில் பெரிதாக ஒரு ஈ. அதன் கீழே எஃப், பீ. அதற்கும் கீழே டீ, ஓ, இஸட். கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. எங்கள் ஆசிரியை இப்படி எழுதினால் தலைமையாசிரியர் சும்மா விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவும் பெரியப்பாவும் அதே கிளினிக்கில் கண் சோதித்தவர்கள். சுவரில் தொங்கும் அட்டையை இருவரும் மனதில் பதித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். மாமா சாக்குக்கட்டியால் தகரத்தைத் தட்டுவார்.

"மூணாவது வரி."

அப்பா யோசித்தார்.

"என்னண்ணே, தெனம் இங்க வந்து அதத்தான கேக்குற? தே ஓ. பாலில்லாம தே ஓ கேட்டா அத்தை என்ன குடுக்கும்?"

"சக்கரை போட்டுக் குடுக்கும்."

"அந்தச் சக்கரதான் இஸட்டு. தே, ஓ, இஸட்டு."

நாலாவது வரி எல், பீ, ஈ, டீ. பெரியப்பா அதற்கு லைசன்களை வைத்துப் பாடம் சொன்னார். முதலில் பழகுகிற எல் லைசன், பிறகு புதிதாக ஓட்டுபவருக்குப் பீ லைசன், லாரிக்கு ஈ, காருக்கு டீ. "இதுகூட மறந்தா நீ லாரிக்காரனே இல்லலா" என்றார். அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஐந்தாவது வரியில் மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு வந்தது. மாமா நடுவில் சீ என்றார், பெரியப்பா ஓ என்றார். தூங்கும் அண்ணனை எழுப்பிக் கேட்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

அத்தை வாளியை டங்கென்று வைத்தார். "கண்ணு தெரியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். என் தகரத்த ஏன்யா நாசம் பண்றீங்க?"

"நீ சும்மா இரு அக்கா. படிக்கிற எடம்" என்றார் மாமா.

எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான்: அப்பாவுக்கு ஆங்கில எழுத்துப் பரீட்சை. பரீட்சையில் தோற்றால் லாரி கிடையாது. அப்பா தமிழ் பேப்பரை விரித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆங்கிலம் படித்துப் பார்த்ததில்லை. பாவம், இந்த வயதில் எழுத்துப் படிக்கிறார், அதையும் வரிசை தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஏ-யிலிருந்து ஆரம்பியுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். மாமா ஒரு கறிபாப் கொடுத்து என் வாயை அடைத்தார்.

லாரியைக் கடையோரம் நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் அலோர் காஜா போனோம். வழி முழுதும் அப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடும்போதுகூட அப்படி அசைந்து நான் பார்த்ததில்லை.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அப்பாவை ஒரு கோட்டின் மேல் நிற்க வைத்து, ஒரு கண்ணை அட்டையால் மூடச் சொன்னார். எதிர்ச்சுவரில் வெள்ளை அட்டை. புத்தம் புதிது, மூலையில் இன்னும் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி குச்சியால் உச்சியைத் தொட்டார்.

"ஈ" என்றார் அப்பா. சரி.

குச்சி இரண்டாவது வரிக்கு வந்தது. "எஃப், பீ."

மூன்றாவது வரி. "டீ, ஓ, இஸட்." கொஞ்சமும் தடுமாறவில்லை. குரலில் பெருமைகூட இருந்தது. நாலாவது வரியைக் குச்சி தொடுவதற்கு முன்பே எல், பீ, ஈ, டீ வந்துவிட்டது.

நான் அட்டையைப் பார்த்தேன். அதில் எஃப் இல்லை. டீ இல்லை. மேலிருந்து கீழ்வரை ஈ மட்டும்தான் இருந்தது. சில நின்றன, சில கவிழ்ந்து கிடந்தன, சில மல்லாந்து கிடந்தன. கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் காட்ட வேண்டிய அட்டை அது. மிஸ்ஸி அதை விளக்க வாய் திறப்பதற்குள் பாடம் பண்ணியது முந்திக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. அப்பா பரீட்சையில் தோற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, எல்லாமே ஈ. சாஞ்சு கெடக்கு, அவ்வளவுதான்."

அப்பா கண்ணை மூடியிருந்த அட்டையை இறக்கினார். மிஸ்ஸி குச்சியை மேசைமேல் வைத்தார். எந்த வகுப்புப் படிக்கிறாய் என்று என்னை மலாயில் கேட்டார். சொன்னேன். கெட்டிக்காரி என்றார். அப்புறம் டாக்டர் வந்து அப்பாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நிதானமாக என்னென்னவோ சொன்னார். அதில் ஓப்பரேஷன் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கையெழுத்து விழவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, "ரெம்பியா வந்தா சொல்லு" என்றார், அவ்வளவுதான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா தப்பாகச் சொன்னார், நான் சரியாகச் சொன்னேன். பள்ளியில் இதற்குக் கைத்தட்டுவார்கள். அப்படியிருக்க எனக்கு ஏன் அழுகை வருகிறது? மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கு என்று தெரியவில்லை. இப்போதும், சரியான பதில் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் நான் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவளுக்குச் சரியான பதில் அதிகம் தேவைப்படவில்லை என்பது வேறு.

கடையில் மாமாவும் பெரியப்பாவும் காத்திருந்தார்கள். அப்பா உட்கார்ந்து, "எல்லாத்தயும் ஈ-யா மாத்திட்டானுங்க" என்றார். பெரியப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். மாமா தகரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "தே ஓ-ன்னு அடிச்சு விட்டேன்டா, அந்தப் பொம்பளைக்கு மூஞ்சியே போச்சு." அத்தைகூட முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சிரிப்பு அடங்கியது. ஈ ஒன்று சீனி டப்பாமேல் நடந்துகொண்டிருந்தது.

பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "டவுன்ல ஒரு எடம் இருக்கு. கண்ணப் பாக்காமயே கையெழுத்துப் போட்டுக் குடுப்பான். நான் கூட்டிட்டுப் போறேன். இத்தன வருசம் ஓட்டினவன் நீ, ரோடு ஒன் கைக்கே தெரியும்."

அத்தை கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார், யாரையும் பார்க்காமல். "ரோடு தெரியும். குறுக்க வர்றது தெரியுமா?"

அப்பா தேத்தண்ணீரை முழுதும் குடித்து முடித்தார். கிளாஸை வைக்கும்போது மேசை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து வைத்தார். பிறகு மாமாவிடம் கேட்டார்: "நீ மஸ்ஜித் தானா பக்கந்தான போற?"

"ஆமாண்ணே."

"பாப்பாவ ஒன் லாரில ஏத்திக்க."

"ஏன், ஒங்க லாரிக்கு என்ன?"

"ஏத்திக்கடா."

மாமா அப்பாவைப் பார்த்தார். "நான் வேணா ஒங்க லாரிய..."

"வேணாம். தவுக்கே கொட்டாயும் அங்கதான, லாரிய நானே கொண்டு போயி விட்டுர்றேன். சாவியயும் குடுத்துர்றேன். நீ முன்னால போ. மெதுவாப் போ. பிரேக் லைட்டு எரியுதில்ல?"

"எரியுது."

பெரியப்பா அதற்குமேல் டவுனைப் பற்றிப் பேசவில்லை.

மாமா தன் லாரியின் பின்னால் போய்க் குந்தினார். தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து, சிவப்பு விளக்கு இரண்டிலும் அப்பியிருந்த செம்மண்ணைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். லாரி முழுதும் சேறாக இருக்க, விளக்கை மட்டும் ஏன் இப்படிப் பளபளப்பாக்குகிறார் என்று கேட்டேன். "அழகா இருக்கும்லா" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை, ஆனால் கேட்க நேரமில்லை. அப்பா என்னைத் தூக்கி மாமாவின் லாரியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே தன் லாரிக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறுதியானது. மிஸ்ஸி முன்னால் அவரை மட்டம் தட்டியதற்குத் தண்டனை இது. இனிமேல் என்னைத் தன் லாரியில் ஏற்றமாட்டார். பலகை படிக்கவும் சிக்னல் சொல்லவும் வேறு யாரையோ வைத்துக்கொள்வார்.

மாமா சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்து முந்திப் போயின. மாமா சாலையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தார். வளைவு வருவதற்கு நெடுநேரம் முன்பே பிரேக்கை மிதித்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகலில் முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு, எங்கள் வாலைப் பிடித்த மாதிரி, அப்பாவின் லாரி வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, முகத்தை முன்னால் நீட்டி, என்னையே உற்றுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நான் கையசைத்தேன். அப்பா அசைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெளியே எட்டி, இரண்டு கையையும் ஆட்டினேன். மாமா என் பாவாடையைப் பிடித்து உள்ளே இழுக்கும்வரை ஆட்டினேன். அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.