தண்ணீர் கேட்ட நால்வர்

பேத்தியின் பள்ளி வேலைக்காக நேற்று மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாசனை என்னை எழுபதுகளின் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கே கொண்டுபோய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் மைன்ஸ் தோழர்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தொழிலாளிகள் ஒன்றுசேர்ந்தால் உலகத்தையே மாற்றலாம் என்று உரக்கப் படிப்பார்கள். அம்மா சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவாள்.

ஒருநாள் மந்தாரக்குப்பத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் செல்லம்மா அக்கா வாசலில் வந்து நின்றார்.

“குடிக்கத் தண்ணி கேட்டாங்கன்னு நாலு பொம்பளைங்கள கான்ட்ராக்டர் வேலைய விட்டு நிறுத்திட்டாருங்க. நாளைக்கு நாங்க யாரும் வேலைக்குப் போவல. பர்மனென்ட் ஆளுங்க நீங்களும் வருவீங்களா?”

படித்துக்கொண்டிருந்தவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அம்மா பசைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“புரட்சி புரட்சின்னு படிக்கிறீங்களே, அவங்களுக்குப் பதில் சொல்லுங்க.”

அப்பா எழுந்தார். “நான் வரேம்மா.”

மறுநாள் காலை ஷிப்ட் சங்கு ஊதியும் அப்பா மைன்ஸ் கேட்டுக்குள் போகாமல் அந்தப் பெண்களோடு நின்றார். தோழர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நான் சைக்கிள் கேரியரில் ஏறி நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டேன். மதியத்துக்குள் நால்வரையும் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“உலகம் மாறிடுச்சாப்பா?” என்று குதித்தேன்.

“நாலு பேருக்கு மாறியிருக்கு” என்று சிரித்தார்.

இதைச் சொன்னதும் பேத்தி கேட்டாள்: “அப்போ மத்தவங்களுக்கு?”